ஒன்பது பத்துக்குக் கரைசேர்ந்த தோணி

மா மூட்டையில் துப்பாக்கிக் குண்டு பட்டால் பெரிய சத்தம் வராது. யாரோ பெருமூச்சு விட்டது போல இருக்கும். பிறகு மா கொட்டத் தொடங்கும். லொறிக்குக் கீழே குப்புறக் கிடந்த என் பிடரியில், பலகை இடுக்கு வழியாக அது கொட்டிக்கொண்டிருந்தது.

குச்சவெளிக்கு வடக்கே, கடற்கரை வீதி களப்பை, அந்த ஆழமில்லாத கடல்நீரேரியை, ஒட்டி வளையும் இடத்தில் ஒரு இராணுவக் காவலரண் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். களப்பின் நடுவே, நெஞ்சளவு தண்ணீரில், ஐந்து நிமிடத்துக்கு முன் விழுந்த ஹெலிகொப்டர் ஒன்று பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. வாலில் இருந்து கறுப்புப் புகை. அக்கரைக் கண்டல் பற்றைக்குள் இருந்து அதை நோக்கியும் எங்களை நோக்கியும் சூடு வந்துகொண்டிருந்தது.

லொறிச் சில்லுகளுக்கு இடையில் எனக்குத் தெரிந்தவை கால்கள் மட்டும்தான். காவலரணுக்குள் ஓடிய கால்கள். மண்மூட்டைக்குப் பின்னால் மடங்கிய கால்கள். ஒரு சோடிச் சப்பாத்து மட்டும் வேறு திசையில், தண்ணீரை நோக்கி ஓடியது.

அது பண்டார. அன்று காவல் கடமையில் நின்ற சாதாரணச் சிப்பாய். இடத்தை விட்டு அசையாதே என்று அவருடைய மேலதிகாரி உள்ளேயிருந்து சிங்களத்தில் கத்துவது எனக்கு நன்றாகக் கேட்டது.

அப்படியான நேரத்தில் ஒரு மனிதனுக்குக் கடவுள் நினைவு வரும், மனைவி பிள்ளைகள் நினைவு வரும் என்று சொல்வார்கள். எனக்கு வந்த நினைவு இது: இந்த ஆளுக்கு இடத்தை விட்டு நகர அனுமதி இல்லையே!

அன்றைக்கே நான் நல்ல அரச ஊழியன்.

பிஸ்கற் ரின்

சென்ற கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதில் ஒரு படிவத்தின் இலக்கம் பிழை என்று தம்பலகாமத்தில் இருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. இலக்கம் பிழைதான். இன்றைக்கு எழுதப்போகும் பிழை அதைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கு யாரும் இதுவரை கடிதம் போடவில்லை.

நான் அப்போது நிவாரணப் பகுதி எழுதுவினைஞன். செவ்வாய்க்கிழமைகளில் விடியுமுன்பே மா, சீனி, பருப்பு ஏற்றிய லொறியுடன் திருகோணமலையில் இருந்து வடக்கே போவேன். இந்தக் காவலரணில் லொறி நிற்கும். ஒவ்வொரு மூட்டையும் கம்பியால் குத்திப் பார்க்கப்படும். பிறகு, விடலாம் என்று மேலிடத்தில் இருந்து சொல் வரும்வரை காத்திருப்பு. சில நாள் ஐந்து மணித்தியாலம். சில நாள் சொல்லே வராது. மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோய், ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்ற கேள்விக்கு மூன்று பிரதிகளில் பதில் எழுத வேண்டும்.

அந்தக் களப்பில் மீன், இறால் பிடிப்பவர்களுக்கு ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். தோணியைத் தண்ணீரில் இறக்குமுன் காவலரணுக்கு வந்து அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டும். அட்டை ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் போகும். பதிவேட்டில் பெயரும், வெளியே போகும் நேரமும் எழுதப்படும். கரைக்கு வந்ததும், உள்ளே வந்த நேரத்தை எழுதி, அட்டையைத் திரும்பக் கொடுப்பார்கள். அட்டை ரின்னுக்குள் இருந்தால் ஆள் தண்ணீரில். அட்டை ஆளிடம் இருந்தால் ஆள் கரையில். என் சேவைக்காலத்தில் எத்தனையோ நடைமுறைகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டையே இல்லாத நடைமுறை அது ஒன்றுதான். ஒரு தகர டப்பாவால் முடிந்தது பல திணைக்களங்களால் முடிந்ததில்லை.

பண்டாரவுக்குத் தமிழ் பேச வரும், எழுத அவ்வளவாக வராது. அவர் எழுதுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை நான் பேனையை வாங்கினேன். அதற்குப் பிறகு நான் காத்துநிற்கும் நாட்களில் பதிவேடு என் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

"கிளாக்கர் ஐயா எழுதின பக்கம் கலியாணக் காட் மாதிரி இருக்கு," என்பார் பண்டார.

என் கையெழுத்து அழகானது. அது பெருமையல்ல, தகவல். பின்னாளில் புதிதாகச் சேரும் எழுதுவினைஞர்களுக்குப் பதிவேடு பராமரிப்புப் பற்றிப் பல வருடம் வகுப்பும் எடுத்தேன். முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதும் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: பதிவேட்டில் உள்ளது நடந்தது, பதிவேட்டில் இல்லாதது நடக்கவில்லை.

சொப்பிங் பைக்குள் ஒரு வரி

சில கிழமைகளுக்கு முன் ஒரு பகல், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தது. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆரோ ஒரு பெரியவர் வந்து நிக்கிறார். கிளாக்கர் ஐயா இருக்கிறாரோ எண்டு கேக்கிறார்."

"நான் நிர்வாக உத்தியோகத்தரா ரிட்டயர் ஆனனான்."

"அதை வெளியில போய் அவரிட்டச் சொல்லுங்கோ."

வந்தவர் மெலிந்து நரைத்திருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. மறு கையில் சொப்பிங் பை.

"ஐயா, மா லொறி. செவ்வாக்கிழமை," என்றார்.

முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டேன். பண்டார அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

கந்தளாயில் இருந்து வந்திருந்தார். என் முகவரியைக் கண்டுபிடிக்க மூன்று அலுவலகங்களில் ஏறி இறங்கினாராம். "எல்லா ஒபிசிலயும் ஐயாவத் தெரியுது. பேரைச் சொன்னதும் எல்லாரும் ஒரு மாதிரிச் சிரிக்கிறாங்க."

மனைவி குசினிக்குள் இருந்து சிரித்தாள்.

பைக்குள் இருந்தவை: அவர் சேவையில் இருந்து விலகிய பத்திரம். பழைய விசாரணை அறிக்கை ஒன்றின் போட்டோ கொப்பி. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு கடிதம். கடைசியாக, ஒரு படிவம்.

பத்திரத்தில் இருந்த வரியைத் தமிழில் தருகிறேன்: அனுமதியின்றிக் கடமை நிலையை விட்டு நீங்கியவர். தோணியில் சென்று விமானிகளை மீட்டதாக இவர் கூறும் விளக்கம், அந்நேரம் தண்ணீரில் எந்தத் தோணியும் இருக்கவில்லை என்று பதிவேடு காட்டுவதால், ஏற்கத்தக்கதல்ல.

அந்த வரியோடுதான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காவலரணுக்குள் பதுங்கியிருந்தவர்கள் தாங்கள் எதையும் காணவில்லை என்றிருந்தார்கள். விழுந்த ஹெலியில் இருந்த மூவரில் இரண்டு பேருக்கு அன்று நினைவே இருக்கவில்லை. மூன்றாவது ஆளை உடனேயே தூர ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். விசாரணைக்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர்தான் இப்போது, வயதான காலத்தில், வெளிநாட்டில் இருந்து இராணுவத்துக்கு எழுதியிருந்தார்: எங்களை ஒரு சிப்பாய் ஒரு தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார், அவருடைய கையில் இருந்து இரத்தம் வடிந்தது, பெயர் தெரியாது, உயிரோடிருந்தால் தேடிப் பாருங்கள்.

தேடிப் பார்த்தவர்கள் பண்டாரவைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். கடிதம் தோணி என்கிறது, பதிவேடு தோணி இல்லை என்கிறது. ஆகவே நேரில் கண்ட சிவில் சாட்சி தேவை.

"மெடல் கிடைக்கப் போகுதோ?" என்று கேட்டேன்.

"மெடல் வேணாம் ஐயா. அந்த ஒரு வரிய வெட்டினாச் சரி."

வாற மாதம் அவருக்குக் கண்டியில் நெஞ்சு ஒப்பரேசன். எழும்பலாம், எழும்பாமலும் விடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவருடைய ஊரில் பழைய சிப்பாய்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் செத்தால் பெட்டிக்கு மேல் கொடி விரிப்பார்கள். பத்திரத்தில் இப்படியான வரி உள்ளவனுக்கு விரிக்க மாட்டார்கள்.

"எனக்கென்ன ஐயா, நான் பெட்டிக்குள்ள. ரெண்டு மகன்மார் ஊர்ச்சனத்துக்கு முன்னால நிக்க வேணுமே."

நான் விசாரணை அறிக்கையைப் புரட்டினேன். கடைசி இணைப்பு, பதிவேட்டின் ஒரு பக்கம். போட்டோ கொப்பியின் போட்டோ கொப்பி. கரி பிடித்துப்போயிருந்தது. ஆனாலும் வரிகள் நேராக, சுழிகள் சுழியாக, இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அசனார். வெளியே 5.40. உள்ளே 9.10.

கலியாணக் காட் மாதிரித்தான் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். நான் செய்தது, படிவத்தைக் கையிலெடுத்துக் கத்தியது. நான்காம் கூட்டில் திகதிக்கு இடமில்லை என்றேன். தமிழ்ப் பிரதியில் ஏழாவது பந்தியையே காணவில்லை என்றேன். இதை வடிவமைத்தவனைக் கொண்டுவந்து இதை நிரப்பச் சொல்ல வேண்டும் என்றேன். பண்டார பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவர் போனபின் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தாள்.

"ஒரு கடதாசிக்கு இவ்வளவு கத்த மாட்டியளே. என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

தண்ணீருக்குள்

செய்து வைத்தது இதுதான்.

பண்டார தண்ணீரில் இறங்கியபோது கரையில் இருந்து சொற்பத் தூரத்தில் அசனாரின் தோணி வந்துகொண்டிருந்தது. விடியப் போனவர், இறாலோடு திரும்பி வருகிறார். சூடு தொடங்கியதும் தோணிக்குள் படுத்துவிட்டார். அது ஒரு ஆளும் ஒரு கூடையும் போவதற்கு என்று செய்த தோணி. பண்டார கழுத்துவரை தண்ணீருக்குள் பதுங்கி அதன் விளிம்பைப் பிடித்து ஏதோ சொன்னார். தோணி ஹெலிப் பக்கம் திரும்பியது. ஒருவர் படுத்தபடி கம்பு ஊன்ற, மற்றவர் பின்னால் நின்று தள்ளினார்.

நான் சில்லுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து பார்த்தேன். தோணியைச் சுற்றித் தண்ணீர் சிறு சிறு குத்துகளாகத் துள்ளியது. தூரத்தில் இருந்து பார்க்க மீன் துள்ளுவது போலத்தான் இருந்தது. எண்ணெய் மணம் கரைவரை வந்தது.

ஹெலியின் கதவு தண்ணீருக்குள். பண்டார மூன்று முறை முங்கினார். அசனாரின் வலை வெட்டும் கத்தியை வாங்கி இருக்கைப் பட்டிகளை வெட்டினார். முதலாவது ஆளை இழுத்துத் தோணியில் போட்டார், காலிரண்டும் தொங்கின. இரண்டாவது ஆளுக்கு இடம் காணவில்லை. அசனார் கூடையைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்தார். மூன்றாவது ஆளுக்கு இடம் வர வலையையும் எறிந்தார், பிறகு தானும் இறங்கினார். மூவரை ஏற்றிய தோணி விளிம்புவரை அமிழ்ந்தது. இருவரும் இரண்டு பக்கமும் நின்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பாதி வழியில் குண்டு பட்டு, பண்டாரவின் இடது கை விளிம்பில் இருந்து தெறித்தது. அவர் ஒருமுறை கையைப் பார்த்தார். மற்றக் கையால் பிடித்தார். தோணி நிற்கவில்லை.

என்னிடம் கடிகாரம் இருந்தது. அவர்கள் கரைக்கு வந்தபோது பத்து ஐம்பது.

ஒரு வெற்று இடம்

அக்கரையில் சூடு ஓய்ந்திருந்தது. துணைக்கு வந்த வண்டிகள் வீதியில் கேட்டன. எல்லோரும் காயப்பட்டவர்களைச் சுற்றி நின்றார்கள். அசனார் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து லொறியடியில் நின்றார். நான் மேசையில் விரிந்து கிடந்த பதிவேட்டைப் பார்த்தேன். வெளியே 5.40. உள்ளே என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அந்த வெற்று இடத்தை அன்றைய காலத்தில் இந்தக் கரையில் இருந்த யாரும் வாசிப்பார்கள். இராணுவம் வாசித்தால், ஹெலி விழுந்த நேரத்தில் தண்ணீரில் தனியாக நின்றவன் இவன், யாருக்குச் சைகை காட்டினான் என்று கேட்கும். அக்கரையில் இருந்து சுட்டவர்கள் கேள்விப்பட்டால், தோணி கொடுத்தவன் இவன் என்பார்கள். இரண்டு பக்கமும் அவரைக் கூட்டிப் போகலாம். இரண்டு பக்கமும் திருப்பி அனுப்பாது.

நான் பேனையை எடுத்து 9.10 என்று எழுதினேன். ஹெலி விழுவதற்கு முக்கால் மணி முந்தி.

"நீங்கள் ஒம்பது பத்துக்கே வந்திட்டீங்கள். விளங்கினதா? தோணியே போகேல்ல," என்று அசனாரிடம் சொல்லி, அவர் தோளில் ஒரு மா மூட்டையை ஏற்றி, லொறி ஆள் போலப் பின்பக்கத்தால் அனுப்பிவிட்டேன். மூட்டையைக் குண்டு பட்டுச் சேதம் என்று பிறகு பதிந்தேன்.

கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். ஒரு சுழியாவது கோணியிருந்தால் விசாரித்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வண்டியில் ஏற்றுமுன் பண்டார மேசையடிக்கு வந்தார். கையில் சுற்றிய துணி சிவந்து போயிருந்தது. பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசையில் எதையோ தடவினார். தண்ணீர்ப் போத்தல் தேடுகிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எனக்கு வேறு பகுதிக்கு மாற்றம் வந்தது. அந்தச் சிப்பாய்க்கு ஏதோ விசாரணையாம் என்று லொறிச் சாரதி சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. நல்ல காரியம் ஒன்று செய்தவன் என்ற நினைப்போடு முப்பது வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். என் அழகான பொய் ஒருவனைக் காப்பாற்றியதும் உண்மை. மற்றவனின் கழுத்தில் ஏறியதும் உண்மை.

டயர் கடை

குச்சவெளி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு எழும்பி இடம் கொடுக்கும் நடைமுறை வழக்கொழிந்துவிட்டது. நின்றபடி போனேன்.

அசனாரின் மகன் வீதியோரம் டயர் கடை வைத்திருக்கிறார். அதன் முன்னால் ஒரு பழைய டயரின் மேல் அசனார் உட்கார்ந்திருந்தார்.

"அல்லாவே! கிளாக்கர்! நீங்க இன்னும் உசிரோடயா? மௌத்தாகல்லியா?"

"விண்ணப்பம் போட்டிருக்கு. பதில் வரேல்ல."

"இரிங்க, இரிங்க. எந்த டயர் வேணுமோ அதுல இரிங்க."

விடயத்தைச் சொன்னேன். தோணி போனது உண்மை என்று அலுவலகத்தில் வந்து சொல்ல வேண்டும். அவர் தான் இருந்த டயரில் சிக்கிய கல்லொன்றை நோண்டி எடுத்து வீதிக்கு எறிந்தார்.

"நான் எங்க போன? ஒம்பது பத்துக்கே வந்துட்டேனே. நீங்கதானே எழுதின."

"காக்கா, பகிடி விடாதீங்க."

"பகிடி இல்ல. என்ட பொஞ்சாதிக்கும் இதத்தான் சென்ன. புள்ளயளுக்கும் இதத்தான் சென்ன. வலைய எங்க எண்டு அவள் கேட்டா, ஆமை இழுத்துட்டுப் போயிட்டு எண்டன். அவள் மௌத்தாகு மட்டும் ஆமையத்தான் ஏசின. இப்ப போய் ஒபிசுல நிண்டு, அந்த ஆமை நான்தான் எண்டு செல்லவா?"

"இப்ப உங்களை ஆர் என்ன செய்யப்போகினம்?"

"அப்பவும் இப்பிடித்தான் கேட்டாங்க கிளாக்கர். அப்பவும் ஆரும் ஒண்டும் செய்ய மாட்டாங்க எண்டுதான் சென்னாங்க."

உள்ளே மகன் ஒரு சில்லுக்குக் காற்றடித்து முடித்தார்.

"அந்தப் பண்டாரட கை எப்பிடி?" என்றார் திடீரென்று.

"ரெண்டு விரல் மடங்கினபடி."

"ம்." அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "எந்தக் கிழம வரணும்?"

"வெள்ளி."

"ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி முடியுமா ஒங்கட ஒபிசுல?"

"எங்கட ஒபிசில ஒண்டும் எதுக்கும் முந்தி முடியிறதில்ல."

"அப்ப வியாழன் வாறன்."

மூன்று பேர் ஒரு வாங்கில்

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வியாழன் காலை நாங்கள் மூவரும் அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பண்டாரவும் அசனாரும் அன்றைக்குப் பிறகு இப்போதுதான் சந்திக்கிறார்கள். ஒருவரையொருவர் கண்டதும் கட்டிப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"காக்கா கிழண்டிட்டீங்க," என்றார் பண்டார.

"நீங்க மட்டும் மாப்புளயாட்டம்," என்றார் அசனார்.

பிறகு அசனார் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான்.

முதல் மேசையில், இது இரண்டாம் மேசை என்றார்கள். இரண்டாம் மேசையில், நான் நடந்ததை எழுதிக் கொண்டுபோன சத்தியக்கடதாசியில் முத்திரை வலப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள். எங்கும் அப்படி ஒரு விதி கிடையாது. சொன்னேன். இருந்தால் நல்லது சேர் என்றார்கள். கடைசியில் உள்ளே ஒரு உத்தியோகத்தர் முன் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட இளம்பெண். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"சேர், என்னை ஞாபகமா? உங்கட பதிவேட்டு வகுப்புக்கு வந்தனான்."

அந்தக் கணத்தில் பூமி பிளந்திருந்தால் நான் எந்தப் படிவமும் கேட்காமல் உள்ளே போயிருப்பேன்.

அவர் விசாரணை அறிக்கையை வாசித்தார். என் சத்தியக்கடதாசியை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"இந்த ஒம்பது பத்து நீங்க எழுதினதா சேர்?"

"ஓம்."

"பொய்யெண்டு தெரிஞ்சு?"

"ஓம் பிள்ளை."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் தள்ளினார். நான் எழுதினேன். அசனார். வெளியே 5.40. உள்ளே 9.10. போட்டோ கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஒரு சுழிகூட மாறவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக என் கையெழுத்து கோணலாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

பக்கத்தில் இருந்த பண்டாரவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"ஒரு கேள்வி சேர்," என்றார் அந்தப் பெண். "தோணி கரைக்கு வந்தாத்தான் அட்டையத் திருப்பிக் குடுக்கிறது எண்டு எழுதியிருக்கிறீங்க. நீங்க ஒம்பது பத்து எண்டு பதிஞ்சாலும், அட்டை ரின்னுக்குள்ளதானே இருந்திருக்கும்? விசாரிக்க வந்தவை ரின்னைத் திறந்திருந்தாலே பொய் பிடிபட்டிருக்குமே?"

ஓட்டையே இல்லாத நடைமுறை. அதை நானே வாரம் தவறாமல் எழுதினேன். அன்று அட்டையை மறந்துவிட்டேன். முப்பது வருடம் அதை நான் ஒருமுறை கூட நினைத்ததில்லை.

அசனார் சட்டைப் பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பழைய அடையாள அட்டை. ஒரு மூலையில் துருப்பிடித்தது போல் மண்ணிறக் கறை, பிளாஸ்டிக்குக்கு உள்ளே வரை இறங்கியிருந்தது.

"பத்து நாளைக்குப் பொறகு ஆஸ்பத்திரியால வந்திச்சி. கடிதாசி ஒண்டும் இல்ல. வெறும் என்வலப்பு," என்றார்.

பெண் பண்டாரவைப் பார்த்தார். பண்டார தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் எடுத்தது மிஸ்," என்றார் மெதுவாக. "ஐயா புத்தகத்தில எழுதிட்டார். ரின்ன மறந்திட்டார். நான் எடுத்துப் பொக்கட்டுக்குள்ள போட்டது."

மேசையில் அவர் தடவியது தண்ணீர்ப் போத்தலை அல்ல.

"அப்ப உங்களுக்குத் தெரியும், அந்த நேரம் பொய்யெண்டு. விசாரணையில சொல்லியிருக்கலாமே?"

"புத்தகத்தைக் காட்டினாங்க. இது சரியா எண்டு கேட்டாங்க." பண்டார மடங்கிய விரல்களை மற்றக் கையால் நீவிவிட்டார். "தோணி போனது எண்டுதான் நான் சொன்னது. எந்தத் தோணி எண்டு கேட்டாங்க. பேர் தெரியாது எண்டது. அப்ப புத்தகம் பிழையா எண்டாங்க. புத்தகம் சரி எண்டது."

"ஏன்?"

"பிழை எண்டா, ஆர் எழுதினது எண்டு கேப்பாங்களே. பொறகு ஆருக்காக எழுதினது எண்டும் கேப்பாங்க."

நான் அவரைப் பார்த்து, "ஏன் காணும், என்ர வீட்டுக் கதிரையில இருந்து ஒண்டரை மணித்தியாலம் நான் கத்தினதைக் கேட்டீரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவனுக்கு ஏச்சுத்தான் வந்தது.

"ஐயா சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தது," என்றார் பண்டார.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். அட்டையை இணைப்பாக வாங்கிக்கொண்டார். "திரும்பத் தருவாங்களா? இந்த அட்டைக்கு ரின்னே விதி போல," என்றார் அசனார். அந்தப் பெண் அட்டை கிடைத்ததற்கான பதிவைத் தன் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துக்காக என் பக்கம் திருப்பினார். நேரம் 11.20 என்றிருந்தது. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"பிள்ளை, பதினொண்டு இருபத்தஞ்சு."

"அஞ்சு நிமிசம்தானே சேர்."

"சரியான நேரத்தைப் போடுங்கோ."

பண்டார சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒப்பரேசனுக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லியிருக்கக்கூடிய அளவுக்குச் சிரித்தார். அந்தப் பெண் நேரத்தை வெட்டித் திருத்தி, பக்கத்தில் சிறு கையொப்பம் இட்டபின்தான் நான் கையெழுத்து வைத்தேன்.

இன்னும் வராத கடிதம்

இதை எழுதும்வரை பதில் இல்லை. இரண்டு முறை போனேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். மேலே என்றார்கள். பண்டாரவுக்கு வருகிற கிழமை ஒப்பரேசன். நேற்றுத் தொலைபேசியில் அசனார், "நீங்க ஒண்டு எழுதினா அச்சில வருமாமே, அதுல போடுங்க," என்றார். அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க. ஆமைட பேரயும் எடுத்து உடுங்க," என்றார்.

பண்டாரவின் மகன்மாருக்கு ஒரு சொல். மேலே இருந்து கடிதம் வந்தால் நல்லது. வராவிட்டால், கொடி இல்லை என்று உங்கள் சங்கத்தில் யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் என்னைக் கூப்பிடுங்கள். இரண்டு பஸ் ஏறி வந்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.

பதிவேட்டில் நான் எழுதிய பிழையான பதிவை இத்தால் வெட்டுகிறேன். சரியான பதிவு: அசனாரின் தோணி. வெளியே 5.40, ஒருவர். உள்ளே 10.50, ஐவர்.